போட்டென் போகும் ரயில்

திங்கள், வியன்டியான், 2025

பாங்காக்கில் நேற்றிரவு ஏறிய ரயில் காலையில் மீகாங் பாலத்தைக் கடந்து லாவோஸுக்குள் கொண்டுவந்து விட்டது. இறங்கிய நிலையம் கம்சவத். சின்ன நிலையம், புதியது. நான் வடக்கே போக வேண்டிய சீன ரயில் இங்கிருந்து புறப்படாது. அதற்கு நகரத்தின் இன்னொரு ஓரத்தில் வேறொரு நிலையம் இருக்கிறது. டுக்-டுக் பிடித்துத்தான் போக வேண்டும். தண்டவாளமே வேறு. தாய்லாந்திலிருந்து வருவது மீட்டர் கேஜ், சீனாவிலிருந்து வருவது அதைவிட அகலமான ஸ்டாண்டர்டு கேஜ். தாய்லாந்து துரியனை ரயிலிலேயே சீனாவுக்கு அனுப்ப வேண்டுமானால் பெட்டகத்தை இந்த ரயிலிலிருந்து தூக்கி அந்த ரயிலில் வைக்க வேண்டும். அந்த வேலை நடக்கும் இடமும் இந்த ஊர்ப் பக்கம்தான், தானாலெங்கில்.

கடற்கரை இல்லாத நாடு லாவோஸ். ஏழரைக் கோடி அல்ல, முக்கால் கோடிச் சொச்சம் மக்கள். வடக்கே சீனா, கிழக்கே வியட்நாம், மேற்கே தாய்லாந்து. 2009 வரைக்கும் ஓடுகிற ரயில் என்று ஒன்றுமே கிடையாது. அந்த ஆண்டு பாலத்தைத் தாண்டி தாய்லாந்து போட்டுக் கொடுத்தது வெறும் மூன்றரை கிலோமீட்டர். அப்படிப்பட்ட நாட்டில் 2021 டிசம்பர் 3 அன்று, மலைகளைக் குடைந்துகொண்டு போகும் 400 கிலோமீட்டருக்கும் அதிகமான மின்சார ரயில் பாதை ஒரே நாளில் திறக்கப்பட்டது. சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் லாவோஸ் அதிபர் தோங்லுன் சிசுலித்தும் காணொளியில் சேர்ந்து தொடங்கிவைத்தார்கள். அந்தப் பாதையில் கடைசி வரைக்கும், சீன எல்லையான போட்டென் வரைக்கும் போவதுதான் இந்தப் பயணம்.

ஊரெங்கும் கொடிகள். 2025 டிசம்பர் 2 வந்தால் மக்கள் குடியரசு அமைந்து 50 ஆண்டு நிறைகிறது. ஒவ்வொரு கம்பத்திலும் தேசியக் கொடி ஒன்று, அதன் பக்கத்தில் அரிவாள் சுத்தியல் கொடி ஒன்று. 1975 முதல் ஒரே கட்சி ஆட்சி.

பணம் மாற்றும் கடையில் 100 டாலரை நீட்டினேன். இருபத்தோரு லட்சம் கிப்புக்கு மேல் எண்ணி வைத்தார் அந்தப் பெண். மேசையில் அடுக்கிய நோட்டுக்கட்டு என் சட்டைப் பையில் நுழையவில்லை. 2021 தொடக்கத்தில் இதே 100 டாலருக்குக் கிடைத்தது ஒன்பதேகால் லட்சம் சொச்சம்தான்.

இதை வெறும் மாற்று விகிதமாகப் பார்க்க முடியவில்லை. ராத்திரி விடுதிக்கார அக்காவிடம் பேசிக்கொண்டிருந்தபோது கணக்குப் போட்டுப் பார்த்தோம். 2018இல் அரசு வைத்த குறைந்தபட்ச மாதக் கூலி 11 லட்சம் கிப். நடுவில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, 2024 அக்டோபரில் அதை 25 லட்சமாக உயர்த்தினார்கள். இரட்டிப்புக்கும் மேல். ஆனால் டாலரில் பார்த்தால் 2021 தொடக்கத்தில் அந்தப் பழைய கூலி சுமார் 118 டாலர், இப்போதைய கூலி 115, 116. பெட்ரோல், உரம், மருந்து, சமையல் எண்ணெய் எல்லாம் வெளியிலிருந்து வருகிற நாட்டில் கூலி ஒரு அடி கூட நகரவில்லை. அதுவும் கூலியை இந்த அளவுக்கு உயர்த்தும்வரை நடுவில் கழிந்த ஆண்டுகள் இதைவிட மோசம். 2023 தொடக்கத்தில் விலைவாசி ஓராண்டில் 41 சதவீதம் ஏறியது. அக்காவின் தம்பி அந்த வருஷம்தான் ஆற்றைத் தாண்டி தாய்லாந்துக்கு வேலைக்குப் போனாராம். இன்னும் திரும்பவில்லை.

செவ்வாய், வியன்டியான்

இன்று ரயில் ஏறியிருக்கலாம். ஆனால் தாட் லுவாங் சதுப்பு நிலத்தைப் பார்க்காமல் போக மனம் வரவில்லை. இந்த ரயிலின் கதை எனக்கு அங்கேதான் தொடங்குகிறது.

2009இல் தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியை நடத்தும் வாய்ப்பு லாவோஸுக்குக் கிடைத்தது. அரங்கம் கட்டப் பணமில்லை. சீன வங்கிக் கடனில் சீன நிறுவனம் கட்டிக் கொடுத்தது. அதற்கு ஈடாகத் தலைநகரின் ஓரத்தில் இருந்த 1,640 ஹெக்டேர் சதுப்பு நிலத்தைச் சீனர்களின் நகர்த் திட்டத்துக்குக் கொடுப்பதாக அரசு ஒப்புக்கொண்டது. ஊருக்குத் தெரிந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அந்த நிலத்தில் நெல் போட்டவர்கள், மீன் பிடித்தவர்கள், கீரை பறித்தவர்கள் இருந்தார்கள். மழைக்காலத்தில் நகரத்தின் வெள்ளத்தை வாங்கிக்கொள்வதும் அதுதான். இந்த நாட்டில் அபூர்வமாக நடக்கிற ஒன்று அப்போது நடந்தது: மக்கள் வாய்விட்டு முணுமுணுத்தார்கள், துணைப் பிரதமர் சோம்சாவத் லெங்சாவத் பத்திரிகையாளர்களைக் கூட்டி விளக்கம் சொல்ல வேண்டிவந்தது. பிற்பாடு நிலத்தின் அளவைக் குறைத்தார்கள், கைமாற்றினார்கள், திட்டத்தை மாற்றினார்கள்.

இப்போது அங்கே ஒரு செயற்கை ஏரி, அதைச் சுற்றி உயரமான குடியிருப்புக் கோபுரங்கள். நான் போனது மாலை ஆறு மணிக்கு. ஒரு கோபுரத்தில் விளக்கெரிந்த ஜன்னல்களை எண்ணிவிட முடிந்தது. ஏரிக்கரையில் பையன்கள் சைக்கிள் ஓட்டினார்கள். வேலிக்கு அந்தப் பக்கம், இன்னும் கட்டடம் வராத துண்டில், ஒரு அம்மா முழங்கால் தண்ணீரில் நின்று கீரை பறித்துக்கொண்டிருந்தார்.

சரி, ஏன் இப்படி சீனாவை நோக்கிப் போனார்கள் என்று கேட்டால் அதற்கு நியாயமான காரணங்கள் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். இந்தக் கட்சி பிறந்ததும் வளர்ந்ததும் வியட்நாமின் அரவணைப்பில். முதல் தலைவர் கைசோன் போம்விஹானேயின் தந்தையே வியட்நாமியர். 1979இல் சீனாவும் வியட்நாமும் மோதிக்கொண்டபோது லாவோஸ் வியட்நாம் பக்கம் நின்றது. அதுவரை வடக்கு மாகாணங்களில் சாலை போட்டுக்கொண்டிருந்த சீனத் தொழிலாளர்களை வெளியேறச் சொன்னது. அந்த விரிசல் ஆற ஒன்பது பத்து ஆண்டுகள் பிடித்தன. 1989இல் கைசோன் பெய்ஜிங் போனார். அதற்குள் சோவியத் உதவி வற்றத் தொடங்கிவிட்டது. 1997இல் தாய்லாந்துப் பொருளாதாரம் விழுந்தபோது கிப்பும் சேர்ந்து விழுந்தது, அப்போது கைகொடுத்தது சீனா. மேற்கே தாய்லாந்து, கிழக்கே வியட்நாம் என்று இரண்டு பேருக்கு நடுவே நெருங்கிப் போயிருந்த ஒரு தலைமைக்கு, பணத்தோடு மூன்றாவதாக ஒருவர் வந்தால் கதவைத் திறக்கத்தான் தோன்றும்.

என் வருத்தம் கதவைத் திறந்ததில் இல்லை. திறந்த விதத்தில்.

திரும்பும் வழியில் தாதுவா சாலையில் போகச் சொன்னேன். 2012 டிசம்பர் 15 மாலை, இந்தச் சாலையில் இருந்த ஒரு காவல் சாவடியில் சோம்பாத் சோம்போன் தன் ஜீப்பை நிறுத்தவேண்டி வந்தது. விவசாயிகளோடும் இளைஞர்களோடும் ஆயுள் முழுக்க வேலை செய்தவர், 2005இல் மகசேசே விருது பெற்றவர். அவரை வேறொரு வண்டியில் ஏற்றிச் செல்வது கண்காணிப்புக் கேமராவில் பதிவாகியிருக்கிறது. அதன் பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை. அரசு தனக்கு ஒன்றும் தெரியாது என்கிறது. சாலையில் அதற்கான அடையாளம் எதுவும் இல்லை. ஓட்டுநரிடம் பெயரைச் சொன்னேன். அவர் கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, நாளைக்கு ரயில் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

நிலத்தைப் பற்றி, அணையைப் பற்றி, கடனைப் பற்றி இந்த ஊரில் ஏன் யாரும் பேசுவதில்லை என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

புதன், ரயிலில்

வியன்டியான் நிலையம் பிரம்மாண்டம். முகப்பில் லாவோ எழுத்து, பக்கத்தில் அதே அளவில் சீன எழுத்து. நுழைவில் விமான நிலையச் சோதனை. எனக்கு முன்னால் நின்ற பாட்டியின் கூடையில் பழம் நறுக்கும் கத்தி இருந்தது. சீருடைப் பெண் அதை எடுத்து ஒரு டப்பாவில் போட்டார். டப்பாவில் ஏற்கெனவே கத்திகளும் கொசு மருந்து ஸ்பிரேயும் நிறைந்திருந்தன. பாட்டி கொஞ்ச நேரம் அந்த டப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் கூடையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

ரயில் அருமை. வேறு வார்த்தை இல்லை. சிவப்பு, நீலம், வெள்ளை என்று தேசியக் கொடியின் நிறங்களில் பெட்டிகள். நேரத்துக்குப் புறப்படுகிறது, 160 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது, தம்ளரில் தண்ணீர் அசைவதில்லை. லாவோ, சீனம், ஆங்கிலம் என மூன்று மொழியில் அறிவிப்பு. என் பெட்டியில் பாதிப் பேர் லாவோ குடும்பங்கள். வயதான ஒருவர் முதல் குகை வந்தபோது பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டார். வியன்டியானிலிருந்து லுவாங் பிரபாங் பேருந்தில் எட்டு மணி, பத்து மணி நேரம். மழைக்காலத்தில் மண் சரிந்தால் கேட்கவே வேண்டாம். இப்போது இரண்டு மணி நேரம். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களுக்கு, படிக்கப் போகும் பிள்ளைகளுக்கு இது என்னவென்று அந்த மலைப்பாதையில் ஒருமுறை போனவர்களுக்குத் தெரியும். தூரத்திலிருந்து "கடன் பொறி" என்று ஒரே வார்த்தையில் இதைத் தள்ளிவிடுகிறவர்கள் இந்தப் பெட்டியில் வந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

பாதையில் ஏறக்குறைய பாதி தூரம் குகைக்குள்தான். 75 குகைகள், 167 பாலங்கள். வேலை தொடங்கும் முன் தடத்தில் கிடந்த வெடிக்காத குண்டுகளைத் தேடி அகற்ற வேண்டியிருந்தது. 1964க்கும் 1973க்கும் நடுவே அமெரிக்க விமானங்கள் இந்த நாட்டின் மேல் போட்டது 20 லட்சம் டன்னுக்கு மேல்.

குகையில் ஜன்னல் கறுத்துவிடும்போது கணக்கு நோட்டைத் திறந்தேன். மொத்தச் செலவு சுமார் 600 கோடி டாலர். அன்றைய லாவோஸின் ஓராண்டு உள்நாட்டு உற்பத்தியில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. செலவில் 60 சதவீதம் சீன அரசின் ஏற்றுமதி இறக்குமதி வங்கியான எக்சிம் வங்கியின் கடன், அதைக் கூட்டு நிறுவனம் தன் பெயரில் வாங்கியிருக்கிறது. மிச்சம் 40 சதவீதம் பங்கு முதலீடு. கூட்டு நிறுவனத்தில் சீனாவுக்கு 70, லாவோஸுக்கு 30. அந்த 30க்கான பணமும் லாவோஸ் கையில் இல்லை. அதில் 48 கோடி டாலரை மறுபடி அதே எக்சிம் வங்கியில் அரசு கடனாக வாங்கியது. அதாவது தன் பங்கை வாங்குவதற்கே, எதிர்ப் பங்காளியின் நாட்டு வங்கியிடம் கடன்பட்டிருக்கிறது.

ரயிலோடு நின்றிருந்தால் தாங்கியிருக்கும். அதற்கு முன்பே அணைகளுக்கும் மின்கம்பிகளுக்கும் சாலைகளுக்கும் வாங்கிய கடன் குவிந்து கிடந்தது. 2020இல் கொரோனா வந்து சுற்றுலா படுத்தது. அரசுக் கடன் உள்நாட்டு உற்பத்தியைத் தாண்டியது. வெளிக்கடனில் ஏறக்குறைய பாதி சீனாவுக்கு. 2021இல் நாட்டின் உயர் அழுத்த மின்கடத்தல் கட்டமைப்பு 25 ஆண்டுச் சலுகையில் ஒரு புதிய நிறுவனத்துக்குப் போனது. அதில் பெரும்பங்கு சைனா சதர்ன் பவர் கிரிட் கையில்.

படிக்கிற நம்மவர்களுக்கு, சீனக் கடனில் எழுந்த இலங்கையின் அம்பாந்தோட்டைத் துறைமுகம் நினைவுக்கு வந்திருக்கும். 2022 நடுவில் கொழும்பில் பெட்ரோலுக்கு வரிசை நின்ற அதே மாதங்களில் வியன்டியானிலும் வரிசை நின்றது. கொழும்பில் மக்கள் அதிபர் மாளிகைக்குள் நுழைந்தார்கள், அதிபர் நாட்டைவிட்டுப் போனார். வியன்டியானில் மத்திய வங்கி ஆளுநரை மாற்றினார்கள். ஆண்டுக் கடைசியில் பிரதமர் பன்காம் விபவன் உடல்நிலையைக் காரணம் சொல்லி விலகினார். அந்த இடத்துக்கு வந்தவர் சோனெக்சாய் சிபான்தோன், முன்னாள் அதிபர் காம்தாய் சிபான்தோனின் மகன். 2021இல் நாடாளுமன்றத் தலைவர் நாற்காலிக்கு வந்தவர் கைசோனின் மகன் சாய்சோம்போன் போம்விஹானே. புரட்சி செய்த தலைமுறையின் பிள்ளைகள் கடன் தவணையைப் பேசி முடிக்கும் இடத்துக்கு வந்தார்கள். இலங்கையைப் போல லாவோஸ் கடனைத் திருப்பித் தர முடியாது என்று அறிவிக்கவில்லை. சீனாவுக்குக் கட்ட வேண்டிய தவணைகளில் பெரும்பகுதி 2020லிருந்து தள்ளிப்போடப்பட்டு வந்தது. என்ன நிபந்தனையில் என்பது மக்களுக்குச் சொல்லப்படவில்லை.

வாங் வியெங்கில் சுண்ணாம்புக் குன்றுகள் இரண்டு நிமிடம் தெரிந்தன. உடனே அடுத்த குகை.

வியாழன், லுவாங் பிரபாங்

பழைய அரச நகரம். 1995லிருந்து யுனெஸ்கோ பட்டியலில். ரயில் வந்த பிறகு கூட்டம் அலைமோதுகிறது. விடுதிகள் நிறைந்திருக்கின்றன, விடியற்காலையில் பிட்சைக்கு வரும் துறவிகளைக் கேமராக்கள் சூழ்ந்துகொள்கின்றன. பல கடைகளில் சீன க்யூஆர் அட்டைகள். காபிக் கடையில் வேலை செய்யும் பையன் மாலையில் சீன மொழி வகுப்புக்குப் போகிறான். சீனம் தெரிந்தால் இங்கேயே நல்ல சம்பளம் கிடைக்கும், தாய்லாந்துக்குப் போக வேண்டாம் என்றான். அவனிடம் சீனாவைப் பற்றிக் கசப்பே இல்லை.

சாயங்காலம் சந்தையில் கைபேன் வாங்கினேன். ஆற்றுப் பாசியை அலசி, தட்டையாகப் பரப்பி, எள்ளும் பூண்டும் தக்காளிச் சீவலும் தூவி வெயிலில் காயவைக்கிறார்கள். எண்ணெயில் போட்டதும் நம் அப்பளம் மாதிரி மொறுமொறுவென்று எழும்புகிறது, வாயில் போட்டால் லேசான ஆற்று மண் வாசம். விற்ற அம்மாவிடம் கைபேசி மொழிபெயர்ப்பில் பேசினேன். முன்பெல்லாம் ‘நாம் ஊ’ என்ற ஆற்றிலிருந்து வரும் பாசிதான் நன்றாக இருக்கும், தண்ணீர் தெளிவாக இருக்கும், பாறை மேல் அடர்த்தியாக வளரும் என்றார். இப்போது? கையை விரித்தார். தண்ணீர் எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்று சொல்ல முடியவில்லையாம்.

நாம் ஊ, வடக்கே சீன எல்லை மலைகளில் பிறந்து லுவாங் பிரபாங்குக்கு மேலே மீகாங்கில் கலக்கும் ஆறு. அந்த ஒரே ஆற்றில் ஏழு அணைகள். ஏழும் சீன அரசு நிறுவனமான பவர்சைனா கட்டியவை, கடைசி அணை 2021இல் முடிந்தது. மொத்தம் 1,272 மெகாவாட். இங்கிருந்து நோங் கியாவுக்கு நாள் முழுக்கப் படகில் போகும் பயணம் ஒன்று இருந்தது. அணைகள் வந்ததும் அது நின்றுபோனது. படகோட்டிகளுக்கு ரயிலில் வேலை கிடைக்கவில்லை.

அணை கட்டலாமா கூடாதா என்பதில் எனக்கு ஒரே பதில் இல்லை. மின்சாரம் விற்றுத்தான் இந்த நாடு பிழைக்க வேண்டும், விற்பதற்கு அதனிடம் மலையும் தண்ணீரும்தான் உண்டு. ஆனால் ஒரு ஆற்றை முழுசாக எழுதிக் கொடுக்கும்போது அந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா?

வெள்ளி, லுவாங் பிரபாங்

நாளைக்கு போட்டென் டிக்கெட் எடுத்தாயிற்று. வேறு எங்கும் போகவில்லை. துணி துவைத்தேன், ஆற்றங்கரையில் உட்கார்ந்திருந்தேன்.

ஒன்றை மட்டும் குறித்துவைக்கிறேன். விடுதியில் தங்கியிருந்த ஒரு லாவோ பொறியாளர், ரயில் பாதைக்கு நிலம் போன குடும்பங்களைப் பற்றிச் சொன்னார். அவருடைய மாமனார் குடும்பமும் அதில் ஒன்று. நிலத்துக்கு இழப்பீடு கொடுக்க வேண்டிய பொறுப்பு சீன நிறுவனத்துடையது அல்ல, லாவோ அரசுடையது. பணம் வரப் பல வருஷம் பிடித்தது, வந்தபோது கிப்பின் மதிப்பு போய்விட்டது. "ரயிலைக் குறை சொல்லாதீர்கள், நானும் அதில்தான் வீட்டுக்குப் போகிறேன்" என்றார் கடைசியில். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், எனக்கும் அதே எண்ணம்தான்.

சனி, போட்டென்

லுவாங் பிரபாங்கிலிருந்து வடக்கே போகப்போக ஜன்னலில் காடு குறைந்து ரப்பர் வருகிறது. வரிசை வரிசையாக, மலைச்சரிவு முழுக்க ஒரே மரம். முவாங் சாய் நிலையத்தில் நிறைய பேர் இறங்கினார்கள். அறுபதுகளிலும் எழுபதுகளிலும் சீனத் தொழிலாளர்கள் தெற்கு நோக்கிச் சாலை போட்டுக்கொண்டு வந்தது இந்த ஊருக்குத்தான். அப்போது அது போருக்கான சாலை, இனாமாகப் போட்டுக் கொடுத்தது. 

போட்டென் லாவோஸ் மண்தான். என் கைக்கடிகாரத்தில் மணி ஒன்று, உணவுக் கடைச் சுவரில் இரண்டு. அது பெய்ஜிங் நேரம். விலைப் பட்டியல் யுவானில். கிப்பை நீட்டினேன், கடைக்காரர் வாங்கிக்கொண்டார், ஆனால் மிச்சத்தை யுவானில் கொடுத்தார். சுற்றியிருந்த குன்றுகளைச் சீவித் தரையாக்கி அடுக்குமாடிகள் எழுப்பியிருக்கிறார்கள். கொஞ்சம் முடிந்தவை, நிறைய முடியாதவை.

இருபது ஆண்டுகளுக்கு முன்பு இங்கே உப்புக் கிணறுகளும் ஒரு கிராமமும் இருந்தன. ஊற்றுநீரைக் காய்ச்சி உப்பெடுத்துப் பிழைத்தவர்கள். சீன நிறுவனத்துக்கு நீண்ட காலக் குத்தகை கொடுத்தபோது அவர்களைத் தெற்கே கிலோமீட்டர் கணக்கில் தள்ளிக் குடியேற்றினார்கள். பதிலுக்கு எழுந்தது சூதாட்ட நகரம். கடன் கட்ட முடியாத சீனச் சூதாடிகளை அடைத்துவைத்து அடித்த செய்திகள் பெரிதானதும் பெய்ஜிங்கே கோபப்பட்டது, 2011இல் எல்லாம் மூடப்பட்டது. கிராமத்தை அகற்றியபோது யாரும் அசையவில்லை, எல்லைக்கு அப்பால் கோபம் வந்தபோது சூதாட்டக் கூடத்தை உடனே மூடினார்கள். லாவோ தலைமை யார் பேச்சைக் கேட்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக எங்கும் பார்க்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை.

இப்போது இருப்பது அதன் பிறகு வேறொரு யுன்னான் நிறுவனம் எடுத்துக் கட்டும் புதிய நகரம்.

சரக்கு ரயில்கள் வந்துகொண்டே இருக்கின்றன. பயணிகள் ரயிலைவிட இந்தப் பாதைக்கு வருமானம் தரப்போவது இவைதான். பொட்டாஷ், இரும்புத் தாது, மரவள்ளி மாவு, ரப்பர், தாய்லாந்துப் பழம் வடக்கே போகின்றன. இயந்திரமும் மின்சாதனமும் தெற்கே வருகின்றன. லாவோ விவசாயி தன் பொருளை இந்த ரயிலில் ஏற்றுமளவுக்குக் கிடங்கும் குளிர்பதனமும் தரச்சான்றும் கிடைத்தால் கதை மாறும். தண்டவாளம் போட்டதைவிட அது கடினமான வேலை, அதை எக்சிம் வங்கி செய்து தராது.

அடுத்த ஆண்டு, 2026 தொடக்கத்தில் கட்சி மாநாடு. புதிய ஐந்தாண்டுத் திட்டம், புதிய பட்டியல். ரயில் நிறுவனத்தோடும் மின்கட்டமைப்பு நிறுவனத்தோடும் போட்ட ஒப்பந்தங்களை, தள்ளிப்போட்ட தவணைகளின் நிபந்தனைகளை, லாவோ மொழியில் மக்கள் படிக்கும்படி அச்சிட்டுக் கொடுங்கள் என்று அந்த மேடையில் யாராவது ஒருவர் எழுந்து கேட்க வேண்டும். திருப்பிக் கட்டப்போவது 25 லட்சம் கிப் கூலிக்காரர்கள்தான், பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் போக வேண்டிய பணத்திலிருந்துதான் அது போகிறது. கட்டுகிறவர்களுக்குக் கணக்கைப் பார்க்க உரிமை உண்டு.

நாளை காலை ஷேர் வேனில் லுவாங் நாம்தா. அங்கே ரப்பர் பயிரிட்டவர்களைப் பார்க்க வேண்டும். 2011க்குப் பிறகு ரப்பர் விலை இறங்கியதும் அவர்கள் என்ன செய்தார்கள் என்று விசாரித்து எழுதுகிறேன்.